கரிநாக்குக்காரனின் கபடிக் கணிப்பு

மாப்ள மாப்ள என்று வாய் நிறையக் கூப்பிட்ட என் கலியமூர்த்தி மாமாவுக்கு,

சௌக்கியமா என்று கேட்க முடியாத இடத்துக்குப் போய்விட்டீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். கபடி சீசன் வந்தது மாமா. நீங்கள் இல்லையே என்று ஒரு வாரம் தள்ளிக்கூட வைக்கவில்லை. அதே விசில், அதே விளக்கு, அதே கத்தல். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு டிவியை உடைத்திருப்பேன். கடையில் இருப்பது டிவி இல்லை, போன் என்பதால் தப்பித்தது.

உங்கள் அக்கறை எது என்று எனக்குத் தெரியும். முதலில் டீம் எப்படி என்று கேட்பீர்கள், அதற்கப்புறம்தான் உங்கள் பெண்டாட்டி எப்படி என்று கேட்பீர்கள். அக்கா பிழைத்துக் கிடக்கிறாள். ஆனால் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். நீங்கள் போன நாளிலிருந்து மாதக்கணக்கில் ஒரு வார்த்தை கிடையாது. கூடப் பிறந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது, உங்களுக்கு அக்கா தங்கச்சி இல்லை. எனக்கு இருப்பதே ஒன்றுதான்.

சரி, டீமுக்கு வருகிறேன். நீங்கள் போன பிறகுதான் ஏலம் நடந்தது. கொக்கை விட்டுவிட்டார்கள் மாமா! ஆமாம், நம் கொக்கைத்தான். ஒற்றைக் காலில் நின்று, அசையாமல் பார்த்து, பொசுக்கென்று கையை நீட்டித் தொட்டுவிட்டு வருவானே, அவனை ஒரு வடக்கத்தி டீம் அள்ளிக்கொண்டு போய்விட்டது. அவனுக்குப் பதில் ஒரு சின்னப் பயலை எடுத்திருக்கிறார்கள். வேகம் இருக்கிறது, நிதானம் இல்லை. போனஸ் கோட்டைப் பார்த்தாலே பாய்கிறான். அவனுக்கு நான் பேர் வைக்கவில்லை. பேர் வைக்கிற ஆள்தான் போய்விட்டீர்களே.

ஆணி இருக்கிறான். இடது கார்னரில் அதே இடத்தில், அடித்துவைத்த ஆணியாட்டம் நிற்கிறான். முட்டியில் மட்டும் கட்டுப் போட்டிருக்கிறான், வயசும் ஆகிறது. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், நம் டீமின் பிடியில் குறை சொல்ல முடியாது. பாடிப் போய்த் தொட்டு வருகிறவர்களுக்குத்தான் பஞ்சம். கடைசி ஐந்து நிமிஷத்தில் கையில் இருப்பதைக் கொட்டிவிட்டு வருகிற வியாதியும் அப்படியே இருக்கிறது. கோச்சை மாற்றினார்கள், சட்டையை மாற்றினார்கள், அந்த வியாதியை மாற்ற யாருக்கும் துப்பில்லை.

இதையெல்லாம் உங்களிடம் சொல்கிறேனே தவிர, இந்த வருஷம் வாயைத் திறந்து வெளியாள் ஒருத்தரிடமும் கணிப்புச் சொல்லவில்லை. ஏன் என்று தெரியாமல் இதைப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பெரம்பலூர் பக்கம் தண்ணீருக்குப் போர்வெல் போடுகிற இடத்தில் போய் நின்று பார்த்தால் ஒன்று தெரியும். வண்டி உறுமிக்கொண்டு பூமியைத் துளைக்கும். சொந்தக்காரன் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நிற்பான். அந்த இடத்தில் யாரும் தண்ணீர் வந்துவிடும் என்று சொல்ல மாட்டார்கள். "எங்க, பொகதான் வரும்போலருக்கு" என்பார்கள். தண்ணீர் இல்லாத குழியில் புழுதிதான் புகையாகக் கிளம்பும். சொந்தக்காரனும் "ஆமா, பொகதான்" என்று தலையாட்டுவான். நல்லதை முன்கூட்டி வாயால் சொன்னால் அது வராமல் போய்விடும் என்று பயம். நான் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன், எத்தனையோ போருக்குப் பக்கத்தில் நின்று புகைதான் புகைதான் என்று சொல்லியிருக்கிறேன்.

அதைக் கொண்டுபோய்க் கபடியில் சேர்த்தவர் நீங்கள்தான் மாமா. ஒரு சீசனில் உங்கள் சிமெண்டு ஆலை கேட்டுக்கு எதிரில் இருக்கிற டீக்கடையில் எழுந்து நின்று, "இந்தத் தடவ கப்பு நமக்குத்தான்டா" என்று தொடையைத் தட்டினீர்கள். டீம் கடைசி இடத்துக்குப் போனது. ஷிப்டுக்கு வந்த ஆள் எல்லாம் உங்களைப் பார்த்துத் தொடையைத் தட்டிக் காட்டினார்கள். அன்றைக்குப் போட்டீர்கள் சட்டம். இனிமேல் நம்ம வூட்டில் ஜெயிக்கும் என்று ஒருத்தரும் சொல்லக் கூடாது. தோற்கும் என்றுதான் சொல்ல வேண்டும். மீறி நல்ல வார்த்தை சொன்னவர் இடைவேளை வரைக்கும் வாசலில் உட்கார வேண்டும்.

என் பெண்டாட்டி ஒருநாள் தெரியாமல் "நல்லா ஆடுறாங்களே" என்று சொல்லிவிட்டுக் கொசுக்கடியில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறதா? அக்காவுக்கு இந்த விளையாட்டு பிடிக்கவே பிடிக்காது. "வெளங்காத பேச்சு பேசாதீங்க, வெளக்கு வக்கிற நேரத்துல" என்று அடுப்படியிலிருந்து கத்துவாள். நாம் இரண்டு பேரும் இன்னும் சத்தமாக, தோத்துரும் தோத்துரும் என்போம். டீம் ஜெயித்தால் நம்மால் ஜெயித்தது. தோற்றால் சத்தம் போதவில்லை.

அப்படியேதான் திருச்சி ஆஸ்பத்திரியிலும் நடந்தது. நெஞ்சில் குழாய், மூக்கில் மாஸ்க், அந்தக் கோலத்தில் என்னைக் கிட்டக் கூப்பிட்டீர்கள். நான் ஏதோ குடும்ப விஷயம் சொல்லப் போகிறீர்கள் என்று காதைக் கொண்டுபோனேன்.

"என்ன மாப்ள, இந்த வருசம் நம்ம பயலுவ எப்படி?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "கடைசி எடந்தான் மாமா. அதுல என்ன சந்தேகம்?" என்றேன்.

"ஃபைனலு?"

"ஃபைனலா? அத நீங்க எங்க பாக்கப் போறீங்க? பாக்க மாட்டீங்க மாமா. சத்தியமாப் பாக்க மாட்டீங்க."

மாஸ்க் முழுக்க ஆவி படிகிற மாதிரி சிரித்தீர்கள். "அப்பச் சரி. பெரிய டிவியா ஒண்ணு வாங்கிப்புடலாம்" என்றீர்கள். நான் திரும்பினேன். அக்கா கஞ்சி பிளாஸ்கோடு வாசலில் நின்றாள். பிளாஸ்கை வைத்துவிட்டு உங்கள் போர்வையைச் சரி செய்தாள்.

அந்த வாரமே போய்விட்டீர்கள்.

நான் என்ன மாமா தப்புச் செய்தேன்? நீங்கள் கேட்டீர்கள், நம் சட்டப்படி சொன்னேன். நல்லாயிருவீங்க என்று சொல்லியிருந்தால் நீங்களே பயந்திருப்பீர்கள். அன்றைக்கு என்னைப் போல உங்களுக்கு நல்லது நினைத்தவன் அந்த ஆஸ்பத்திரியில் ஒருத்தன் இருந்திருப்பானா? இதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஆலத்தியூரில் உங்கள் வீட்டுக் கூடத்தில் உங்களைக் கிடத்தியிருந்தார்கள். மாலையோடு உள்ளே நுழைந்தேன். அக்கா எழுந்து வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு அழப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். "கரிநாக்குப் பயலே, சொல்லியே அனுப்பிவச்சிட்டியேடா எம் புருசன" என்று ஊர் முன்னால் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. உங்கள் மகள் கவிதாதான் வந்து வாங்கிப் போட்டாள்.

கருமாதியில் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை நான்தான் போட வேண்டும். போட்டேன். அக்கா குனிந்த தலை நிமிராமல் வாங்கிக்கொண்டாள். அதற்கப்புறம் எல்லாப் பேச்சும் கவிதா வழியாகத்தான். "ஒங்க மாமன சாப்புடச் சொல்லு." "ஒங்க மாமன் வண்டிய மர நெழல்ல நிறுத்தச் சொல்லு." பக்கத்திலேயே நிற்பேன் மாமா. கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றும், அரியலூரில் வாழ்க்கைப்பட்ட கவிதா வந்திருக்கிற நாளாகப் பார்த்துத்தான் உங்கள் வீட்டில் சாப்பிட முடிந்தது.

கரிநாக்கு என்கிற பேர் பஸ் ஏறிப் பெரம்பலூருக்கும் வந்துவிட்டது. வேப்பந்தட்டைக்காரர் ஒருவர், எனக்குப் பல வருஷப் பழக்கம், போர் போடப் போவதைச் சொன்னார். வழக்கம்போல நானும் வரேன் என்றேன். "இல்ல செல்வராசு, நீ செரமப்படாத, மோட்டாரு எறக்கும்போது சொல்லி அனுப்புறேன்" என்றார். முகத்தைப் பார்த்தே புரிந்துவிட்டது. என் நாக்கு புகை என்றால் புகையாகவே வந்துவிடும் என்று பயப்படுகிறார். நான் சிரித்துக்கொண்டே சரிங்க என்றேன். அப்புறம் கட்டிக்கொண்டிருந்த காயிலை அவிழ்த்துப் போட்டு முதலிலிருந்து கட்டினேன்.

அதிலிருந்து நாக்குக்குப் பூட்டுப் போட்டுவிட்டேன். காயில் தாங்குமா என்று கேட்டால், பாருங்க. மழை வருமா என்று கேட்டால், பாக்கலாம். பக்கத்து சலூன்காரர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சீப்போடு எட்டிப் பார்ப்பார். "என்ன செல்வராசண்ணே, இன்னிக்கு எப்படி?" கையை விரித்துக் காட்டுவேன். தோற்கும் என்று சொல்லப் பயம், ஜெயிக்கும் என்று சொல்லவும் பயம். கபடி பார்க்கிறவனுக்கு இதைவிடக் கேவலம் உண்டா?

ஆனால் ஒரு கூத்து மாமா. நான் வாயை மூடிக்கொண்டிருந்த இந்த வருஷம் டீம் நன்றாகவே ஆடியது. முதல் ஆட்டம் ஜெயித்தார்கள். அப்புறம் ஒன்று தோற்று ஒன்று ஜெயித்து, நடு இடத்தில் ஒட்டிக்கொண்டே வந்தார்கள். ஆணி பழைய ஆணியாக இருந்தான். கொக்கு எதிர் டீமில் வந்தபோது அவன் கணுக்காலையே பிடித்து இழுத்துப் போட்டான், எனக்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கை பழக்கத்தில் உங்கள் நம்பரைத் தட்டிவிட்டது. அடித்தது. உங்கள் போனை வைத்திருக்கிற கவிதா எடுத்து, "மாமா?" என்றாள். ஒன்றுமில்லை, கை பட்டுவிட்டது என்று வைத்துவிட்டேன்.

தீபாவளி வந்தது. துக்க வீட்டில் இந்த வருஷம் எண்ணெய்ச் சட்டி ஏறாது, பிறந்த வீட்டிலிருந்துதான் பலகாரம் போக வேண்டும். என் வீட்டுக்காரி அதிரசமும் முறுக்கும் தூக்குவாளியில் போட்டுக் கொடுத்தாள். "அவங்க பேசாட்டி என்ன, நீங்க போயிட்டு வாங்க" என்றாள். தீபாவளிக்கு முதல் நாள் மத்தியானம் கிளம்பினேன். ரோடு முழுக்க சிமெண்டு லாரி. ஆலத்தியூர் போய்ச் சேர்ந்தபோது தலைமுடி உங்களுடையது மாதிரி வெளுத்துப்போயிருந்தது.

அன்றைக்குத்தான் நம் டீமுக்கு உயிர் ஆட்டம். ஜெயித்தால் அடுத்த சுற்று, தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். எனக்குத் தெரியும், கவிதாவுக்கும் தெரியும். கூடத்தில் டிவி மேல் உங்கள் ஷிப்டுத் துண்டு போர்த்தியிருந்தது. அதற்கு நேர் மேலே நீங்கள் மாலையோடு சிரிக்கிறீர்கள். அக்கா தூக்கை வாங்கிச் சாமி மாடத்துக்குக் கீழே வைத்தாள். டீ கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில், என்னைப் பார்க்காமல் வைத்தாள்.

"மாமா, போடவா?" என்று கவிதா டிவியைக் காட்டினாள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். அக்கா அடுப்படிப் பக்கம் போய்விட்டாள். கவிதா துண்டை எடுத்து மடித்து என் மடியில் வைத்தாள்.

ஆட்டத்தைச் சொல்கிறேன் கேளுங்கள். முதல் பாதியில் நாம் முன்னால் இருந்தோம். புதுப் பயல் பறந்தான். இரண்டு முறை போனஸுக்குப் பாய்ந்து மாட்டினான், மற்றதெல்லாம் சுத்தமான தொடு. இடைவேளைக்கு அப்புறமும் நாம்தான் முன்னால். நான் உங்கள் துண்டைப் பிடித்துக்கொண்டு பிடித்துவைத்த பிள்ளையாராக உட்கார்ந்திருந்தேன். அடுப்படிக் கதவோரம் நிழல் ஆடியது. அக்கா நிற்கிறாள் என்று தெரிந்தும் திரும்பவில்லை.

கடைசி ஐந்து நிமிஷம் தொடங்கியது. கவிதாவுக்கு அடக்க முடியவில்லை. "மாமா, ஜெயிச்சுருவோம் போலருக்கே!" என்று துள்ளிவிட்டாள்.

"வாய மூடுடி!" கதவோரத்திலிருந்து அக்கா ஒரு அதட்டல் போட்டாள். "ஒங்கப்பா என்னா சொல்லி வச்சிருக்காரு? எந்திரி, வாசல்ல போயி ஒக்காரு. தோத்துருவானுவ. இவனுவளாவது ஜெயிக்கறதாவது."

கவிதா எழுந்து வாசல்படியில் போய் உட்கார்ந்தாள். அக்கா உள்ளே வந்து, உங்கள் படத்துக்குக் கீழே சுவரில் சாய்ந்து நின்றாள்.

"நீயும் சொல்லேன்டா. ஏன் வாய்ல கொழக்கட்ட வச்சிருக்கியா?"

என்னிடம்தான். எத்தனை மாதம் கழித்து! எனக்கு நாக்கு எழவில்லை மாமா. சொன்னால் இன்னொரு தடவை ஏதாவது ஆகிவிடுமோ? சொல்லாவிட்டால் இவள் மறுபடி பேசாமல் போய்விடுவாளோ? "தோத்துரும்க்கா" என்றேன். டிவி சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

"நல்லாச் சொல்லு."

"தோத்துரும்க்கா!"

அடுத்து வந்தது அவர்களுடைய செத்தா பொழைச்சா ரைடு, பாயிண்ட் எடுக்காமல் திரும்பினால் வந்தவன் அவுட். வந்தவன் நல்ல வாட்டசாட்டம். ஆணி சரியான நேரத்தில் விழுந்து கணுக்காலைப் பிடித்தான். கவர் இரண்டு பேரும் மேலே பாய்ந்தார்கள். முடிந்தது என்று நான் எழுந்தே விட்டேன். அவன் மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு, விரல் நுனியால் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டான். மூன்று பேரும் அவுட். கையில் இருந்தது அத்தனையும் போச்சு. கடைசி ரைடில் புதுப் பயல் பதறிப்போய் வெறுங்கையோடு திரும்பினான். "இந்தப் பயலுக்கு என்னடா அப்புடி ஒரு அவசரம்" என்றாள் அக்கா. ஒரே ஒரு பாயிண்டில் தோற்றோம்.

ஆணி தரையில் உட்கார்ந்து முட்டிக் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான். கேமரா அவனையே காட்டியது. கவிதா வாசலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி படியில் உட்கார்ந்தாள்.

"நாந்தானடா மொதல்ல தோக்கும்னு சொன்னேன்" என்றாள் அக்கா. குரல் என்னவோபோல் இருந்தது. "தோத்துட்டானுவளே. அப்ப நானும் கரிநாக்கா?"

"இல்லக்கா. நீ சொன்னதால என்னா? அவன் நல்லாத்தான் புடிச்சான். புடி நழுவிருச்சு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்க்கா."

அக்கா டிவியைப் பார்த்தாள், உங்களைப் பார்த்தாள். அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். "நானும் நல்லாத்தான்டா தம்பி புடிச்சிருந்தேன்" என்றாள். "ராத்திரி பூரா கைய விடாமத்தான் புடிச்சிருந்தேன். நழுவிருச்சுடா." நீங்கள் போன அன்றைக்கு நெஞ்சில் அடித்துக்கொண்டவள், என் தோளில் தலையை வைத்து அழுதது இப்போதுதான். நானும் அழுதேன். உங்கள் துண்டைத்தான் இரண்டு பேரும் மாற்றி மாற்றி முகத்தில் வைத்துக்கொண்டோம். தீபாவளிக்கு முதல் நாள், பக்கத்து வீட்டில் வெடி வெடிக்கிறது, நாங்கள் கபடியில் தோற்றதற்கு அழுகிறோம் என்று தெருவே நினைத்திருக்கும்.

இதைச் சொல்லிவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிக்க மாட்டேன் மாமா. அக்கா இன்னும் இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்காமல் எழுந்துவிடுகிறாள். நான் இன்னும் கடை சாத்திவிட்டு உங்கள் நம்பரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வேப்பந்தட்டைக்காரருக்கு வந்தது புகைதான், நான் போகாமலே. அதைக் கேட்டு எனக்கு நிம்மதி வந்ததே, அதை நினைத்தால் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. ஃபைனலில் நம் கொக்கு ஆடினான். நீங்கள் பார்க்கவில்லை. அதை மட்டும் என் நாக்கு எப்படிச் சரியாகச் சொன்னது?

அந்தப் புதுப் பயலுக்குப் பேர் கிடைத்துவிட்டது. அவசரம். வைத்தது உங்கள் பெண்டாட்டி. நேற்று போன் செய்து, "டேய் தம்பி, அந்த அவசரத்த அடுத்த வருசமும் வச்சிருப்பானுவளா, வித்துருவானுவளா?" என்று அவளே கேட்டாள். கவிதா வழியாக இல்லை.

ஆகவே, உங்கள் சட்டப்படி, சத்தம் குறையாமல் என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த சீசனில் நம் டீம் கடைசி இடம்தான். ஆணி ஆட மாட்டான். அவசரத்துக்கு நிதானம் வரவே வராது. ஆட்டம் இருக்கிற நாளில் நான் ஆலத்தியூர்ப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன். அக்காவுக்குச் சோறு இறங்காது, சிரிப்பு வராது. நான் இருக்கிறவரைக்கும் அவளைப் பார்த்துக்கொள்ளவே மாட்டேன் மாமா. இது சத்தியம்.

இப்படிக்கு,
மறுபடியும் அக்காவுக்குத் தம்பி, எப்போதும் உங்களுக்கு மாப்ள,
செல்வராசு